முதலில் கிராண்ட், பிறகு கைப்பணம்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், போர்ட் டிக்சன் மாவட்டத்தின் வடபுறத்தே, சிலாங்கூரின் செப்பாங் எல்லையை ஒட்டிக் கிடக்கும் புக்கிட் பெலண்டோக் வட்டாரத்தின் நிலத்துக்கு 1998 ஆம் ஆண்டு ஒரு விசித்திரமான ஆண்டாக அமைந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், எல்லைக்கு அப்பால் செம்பனைத் தோட்டங்களாக இருந்த பூமியின்மீது கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில், தானா மேரா தோட்டத்தின் ஒரு பகுதியான புக்கிட் நானாஸில், நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வந்து சேரும் அபாயகரமான தொழிற்சாலைக் கழிவுகளை எரித்தும் சுத்திகரித்தும் அப்புறப்படுத்தும் நிலையம் வேலை தொடங்கிற்று. ஆண்டு முடிவதற்குள், ஈப்போ வட்டாரத்திலிருந்து பன்றிகளோடு பிரயாணம் செய்து வந்த, அப்போது பெயர் தெரியாதிருந்த ஒரு நோய், இங்குள்ள பண்ணைகளில் நுழைந்து மனிதரைப் பற்றத் தொடங்கியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அந்த நுண்கிருமி கண்டுபிடிக்கப்பட்டு, இவ்வூரை அடுத்த சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரையே தாங்கி உலகப் பிரசித்தி அடைந்ததும், அது அடங்குமுன் நாட்டில் 105 உயிர்கள் மாண்டதும், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டதும், தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த பன்றி வளர்ப்பு இந்த மண்ணில் அடியோடு நின்றுபோனதும் பலருக்கு நினைவிருக்கும்.

வீடு வாங்குவதையும் விற்பதையும் பற்றி எழுதப் புகுந்த நான் இப்பழைய கதையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இன்று அவ்வழியே காரில் போகிறவர் கண்ணுக்குப் படுவதெல்லாம் செம்பனை மரங்களும், இடையிடையே புதுச் சாயம் பூசிய வீடுகளும், சாலையோரத்தில் 'விற்பனைக்கு' என்று நிற்கும் பலகைகளுமே. நேற்றுப் பண்ணையாக இருந்தது எது, நாளைக்குத் தொழிற்பேட்டையாகப் போவது எது, வங்கியின் அடமானத்தில் மூழ்கிக் கிடப்பது எது, செத்துப்போனவர் பெயரிலேயே இன்னும் நிற்பது எது என்பதை மண் சொல்லாது. சொல்லக்கூடியது நில அலுவலகத்தில் இருக்கும் பதிவேடு ஒன்றுதான். அதைப் படிக்கத் தெரிந்துகொள்வது இந்நாட்டுத் தமிழருக்கு, அதிலும் தோட்டத்து ஜனங்களுக்கு, எல்லாரையும்விட அதிக அவசியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஏனென்றால், பிறந்தது முதல் தமக்குச் சொந்தமில்லாத வீட்டில் வாழ்ந்து பழகியவர்கள் அவர்கள். தாத்தா காலத்து லயன் வீட்டில் பேரன் பிறந்து, பள்ளிக்குப் போய், அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து, அந்த வீட்டின் முன்னாலேயே முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்து வளர்த்தாலும், அவ்வீடு நிர்வாகத்தின் வீடுதான். தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரத்தைப் பற்றிய 1966 ஆம் ஆண்டுச் சட்டம், குடிநீரும் காற்றோட்டமும் உள்ள வீட்டைக் கொடுக்கும்படி முதலாளிக்குக் கடமை விதித்ததேயன்றி, குடியிருப்பவனுக்கு அதில் யாதொரு பாத்தியதையையும் அளிக்கவில்லை. முப்பது ஆண்டுகள் விடியுமுன் எழுந்து பால் மரம் சீவியவர் ஓய்வு பெறும் நாளில், கையில் சேமநிதிப் பணமும், காலி செய்யவேண்டிய வீடும், கிராண்ட் என்ற நில உரிமைப் பத்திரத்தை ஒருபோதும் தொட்டுப் பாராத அனுபவமுமாக நிற்கிறார். இன்றைய புத்ராஜெயா நகரம் எழுந்த பெராங் பெசார் முதலான நான்கு தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் டெங்கிலில் அடுக்குமாடி வீடுகளில் குடியேறி, அந்தக் கட்டடத்தின் விரிசல்களோடும் பழைய வாக்குறுதிகளோடும் எத்தனை ஆண்டுகள் போராடினார்கள் என்பது பத்திரிகை படிப்போர் அறிந்த விஷயம். வாய்ச்சொல்லை நம்பி வாழ்ந்த பழக்கத்தை, வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் போட்டு வீடு வாங்கும் நேரத்திலும் விடாமல் பற்றிக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வந்த பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த முறையும் இங்கே முழுவதும் உதவாது. அங்கே 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவாவது கிரயப் பத்திரமே தவிர உரிமையன்று. ஆகையால் மூலப்பத்திரம் முதல் ஒவ்வொரு கைமாற்றத்தையும் தொடர்ச்சியாகப் பார்த்து, வில்லங்கச் சான்றிதழும் எடுத்து, வக்கீலிடம் காட்டி முடிவு செய்யவேண்டியிருக்கிறது. மலேசியாவிலோ, 1858 இல் தென் ஆஸ்திரேலியாவில் டாரன்ஸ் என்பவர் ஏற்படுத்திய பதிவு முறை வெள்ளைக்காரர் காலத்திலேயே வந்து சேர்ந்து, 1965 ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தில் நிலைபெற்றுவிட்டது. பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உடையவர். அதில் ஏறாத விற்பனை, எத்தனை சாட்சிகள் கையொப்பமிட்டிருந்தாலும், உடைமையைத் தராது. 'ஐந்து வருஷத்துக்கு முன்பே பணம் கொடுத்துவிட்டேன், எழுதிக் கொடுத்த சீட்டு பெட்டியில் இருக்கிறது' என்று சொல்லும் மனிதர் வழக்குத் தொடுக்க ஓர் ஆதாரத்தை வைத்திருக்கிறாரேயன்றி, ஒரு வீட்டை வைத்திருக்கவில்லை.

அந்தப் பதிவேட்டைப் பார்ப்பது பெரிய வித்தை அன்று. கிராண்டின் எண்ணையும் லாட் எண்ணையும் கொண்டு, சிறு கட்டணம் செலுத்தி, எவரும் நில அலுவலகத்தில் 'சரியான்' என்னும் தேடுதலுக்கு விண்ணப்பிக்கலாம். பெரிய கிராண்டுகளும் மாநிலக் குத்தகைகளும் சிரம்பானிலுள்ள மாநில நிலப் பதிவகத்தில் இருக்கும். முக்கிம் கிராண்ட் வகையைச் சேர்ந்தவை போர்ட் டிக்சன் மாவட்ட நில அலுவலகத்தில் இருக்கும். விற்பவர் காட்டும் பழைய நகலை வாங்கிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடலாகாது. நகல் எடுத்த நாளுக்கும் இன்றைக்கும் நடுவே அந்நிலம் அடமானம் போயிருக்கலாம். ஏல நோட்டீஸ் ஏறியிருக்கலாம். இன்றைய தேதியில் எடுத்த தேடுதலே செல்லும்.

எடுத்த காகிதத்தில் எதைப் பார்ப்பது என்பதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். நிலத்தின் வகை விவசாயமா, கட்டடமா, தொழிலா என்பது முதலில் கண்ணில் படும். அதன்கீழ் 'ஷாராட் ஞாத்தா' என்னும் வெளிப்படையான நிபந்தனை, இன்ன பயிர் மட்டும் அல்லது குடியிருப்பு வீடு மட்டும் என்பதுபோல, எழுதப்பட்டிருக்கும். அடுத்து வருவது 'செக்காத்தான் கெபெந்திஙான்' என்னும் கட்டுப்பாடு. மாநில அதிகாரத்தின் சம்மதமின்றி இந்நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று அதில் இருந்தால், அச்சம்மதம் கிடைக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கத் தயாராக வேண்டும். குறைந்த விலை வீடுகள் பலவற்றின் கிராண்டில் இவ்வாசகம் இருப்பதை வாங்குவோரும் அறியார், சில வேளைகளில் விற்போரும் அறியார். நிரந்தர உடைமையா, 99 ஆண்டுக் குத்தகையா, குத்தகையானால் மிச்சம் எத்தனை ஆண்டு என்பதையும் அங்கேயே காணலாம். மிச்சம் குறையக் குறைய வங்கி கடன் கொடுக்கத் தயங்கும் என்பது அனுபவத்தில் கண்டது. மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்ற குறிப்பு இருக்குமானால், நம்மவர் அதை விலை பேசுவதிலேயே பிரயோஜனம் இல்லை. அதோடு, நெகிரி செம்பிலானின் ஒரு விசேஷமாக, ரெம்பாவ், ஜெலபு, கோலா பிலா, தம்பின் பகுதிகளில் தாய்வழி மரபில் பெண்களுக்கு இறங்கும் அடாட் நிலங்கள் உண்டு. போர்ட் டிக்சன் மாவட்டம் அவ்வட்டத்தில் சேர்ந்ததன்று என்றாலும், சிரம்பானைத் தாண்டி மலிவான நிலம் தேடிப் போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசிப் பகுதியில் அடமானங்களும் கேவியட்டும் இருக்கும். கேவியட் என்பது, 'இந்நிலத்தில் எனக்கும் ஒரு கோரிக்கை உண்டு, என்னைக் கேளாமல் எதையும் பதியாதீர்' என்று மூன்றாம் மனிதர் போட்டுவைக்கும் தடை. தனியார் போடுவது ஆறு ஆண்டுகள் வரை நிற்கும். வாங்குபவரின் வழக்கறிஞரும், ஒப்பந்தம் கையெழுத்தானவுடன் அவர் சார்பில் ஒரு கேவியட் போட்டுவிடவேண்டும். அப்படிப் போட்டாயிற்றா என்று கேட்பதற்கு எவரும் கூச்சப்படத் தேவையில்லை.

பதிவேடு சுத்தமாக இருந்துவிட்டால் போதுமா என்றால், போதாது. விற்பவர் உண்மையிலேயே அந்தப் பெயருக்கு உரியவர்தாமா என்ற கேள்வி மிஞ்சுகிறது. பினாங்கு தஞ்சோங் பூங்காவில் நிலம் வைத்திருந்த தாய்லாந்துப் பெண்மணி ஒருவரின் பெயரை வேறொருத்தி தன்னுடையதென்று சாதித்து, பொய்க் கையொப்பமிட்டு, 1989 இல் அந்நிலத்தை ஒரு கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டாள். உண்மையான உடையவர் பல்லாண்டு வழக்காடி, தீர்ப்பு வருமுன்னரே காலமானார். 2000 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம், நல்ல எண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கிய கம்பெனியின் பக்கமே பேசியது. நாடெங்கும் நிலம் வைத்திருந்தோரைத் திடுக்கிடச் செய்த அத்தீர்ப்பு தவறென்று, குவாந்தான் நிலம் சம்பந்தப்பட்ட வேறொரு வழக்கில், 2010 ஜனவரி 21 ஆம் தேதி அதே நீதிமன்றம் அறிவித்தது. நிலம் வைத்திருப்போருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் அதன் மறுபுறத்தை வாங்குவோர் கவனிக்க வேண்டும். இன்று ஆள்மாறாட்டக்காரனிடம் நேரே வாங்கியவர், எவ்வளவு நேர்மையாக வாங்கியிருந்தாலும், நிலத்தை உண்மை உடையவரிடம் திருப்பிக் கொடுக்கும்படி நேரும்; கொடுத்த பணத்துக்கு ஓடிப்போனவனைத்தான் தேட வேண்டும். ஆகவே விற்பவரின் அடையாள அட்டையை அசலாகப் பார்ப்பதும், அந்த வீட்டிலேயே அவரைச் சந்திப்பதும், அக்கம்பக்கத்தாரிடம் இரண்டு வார்த்தை விசாரிப்பதும், 'சொந்தக்காரர் வெளியூரில் இருக்கிறார், என்னிடம் பவர் இருக்கிறது' என்று வருகிறவரிடத்தில் அந்த அதிகாரப் பத்திரம் முறைப்படி பதிவானதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பதும் மரியாதைக் குறைவான காரியங்கள் அல்ல. நேர்மையான விற்பனையாளர் இவற்றுக்குக் கோபிக்கமாட்டார்.

தோட்டப் பகுதிகளில் வேறொரு வலையும் விரிக்கப்படுகிறது. பெரிய விவசாய நிலம் ஒன்றை நாடாவைப் பிடித்து இருபது முப்பது துண்டாக அளந்து, கம்பு நட்டு, 'லாட் நிலம், வங்கிக் கடன் வேண்டாம், மாதத் தவணை போதும்' என்று விற்பார்கள். விவசாய நிலத்தைத் தனித்தனி கிராண்டாகப் பிரிப்பதற்கு ஒவ்வொரு துண்டும் குறைந்தபட்சம் 0.4 ஹெக்டர், அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர், இருக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. அதற்குக் குறைந்த துண்டை வாங்கியவர் பெயர், அதிகம் போனால், பலபேரோடு சேர்ந்து பங்குதாரராக ஒரே கிராண்டில் ஏறும். எந்தத் துண்டு அவருடையது என்பதற்குக் கம்பைத் தவிர வேறு அத்தாட்சி இராது. அதில் வீடு கட்ட அனுமதி வாங்குவதும், பிற்பாடு விற்பதும், பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதும், பங்காளிகள் அத்தனைபேரின் சம்மதத்தைத் தேடி அலையும் வேலையாக முடியும். விலை மலிவு என்பதற்காக இதில் கை வைக்காதீர்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்கிறேன்.

தோட்டம் துண்டாடப்படுவதன் கொடுமை நமக்குப் புதிதன்று. சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்றதால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையையும் லயத்தையும் ஒரே நாளில் இழந்தன. 1960 இல் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி வீதம் தொழிலாளரிடம் பங்குப் பணம் சேர்த்து, தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியது அந்தத் துயரத்தின் நடுவில்தான். பின்னர் தேசிய நிலச் சட்டத்திலும், 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பலருக்குப் பிரித்து விற்பதானால் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்ற விதி இடம்பெற்றது. தோட்டத்தின் ஒரு மூலையை உடைத்து விற்கிறோம் என்று எவரேனும் வந்தால், அந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டும்படி கேளுங்கள்.

இனி, விற்போர் பக்கம் வருவோம். நம் குடும்பங்களில் விற்பனை தடைப்படுவதற்குப் பெரும் காரணம் விலையன்று. கிராண்டில் இருப்பவர் காலமாகிவிட்டிருப்பதே. அப்பா போய்ப் பத்து ஆண்டுகள் ஆனபின்னும், அண்ணன் தம்பிகள் ஒற்றுமையாக இருக்கிறார்களே என்ற தைரியத்தில், எவரும் நில அலுவலகப் பக்கம் போவதில்லை. விற்கவேண்டிய சந்தர்ப்பம் வரும்போதுதான், இறந்தவர் கையொப்பமிட முடியாது என்ற எளிய உண்மை எதிரே வந்து நிற்கிறது. உயில் எழுதாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்து, 1958 ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி, மனைவிக்கு நாலில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி, உயிரோடிருக்கும் தாய் தகப்பனுக்கு நாலில் ஒன்று எனப் பிரியும். பெற்றோர் இல்லையேல் மனைவிக்கு மூன்றில் ஒன்றும் மீதி பிள்ளைகளுக்கும் சேரும். ஊரில் தனியே இருக்கும் பாட்டிக்கும் அந்த வீட்டில் பங்குண்டு என்பதைப் பேரப்பிள்ளைகள் பலர் கேட்டு வியப்பதுண்டு. சாதாரணக் குடும்பங்களின் வீடு நிலங்களுக்கு 1955 ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டம் எளிய மார்க்கத்தைத் திறந்து வைத்திருக்கிறது. உயர் நீதிமன்றம் வரை போகாமல், சிறு சொத்துப் பிரிவில் மனுச் செய்து, வாரிசுகள் எல்லாரும் விசாரணைக்கு வந்து கையொப்பமிட்டு முடித்துக்கொள்ளலாம். இந்த வேலையை ஒற்றுமை உள்ளபோதே முடியுங்கள். மருமக்களும் பேரப்பிள்ளைகளும் பெருகியபின் கையொப்பங்களைச் சேர்ப்பது மிகவும் கஷ்டம்.

விற்பவர் கட்டவேண்டிய ஆதாய வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்றால் நிகர லாபத்தில் 30 சதவிகிதமும், நான்காம் ஆண்டில் 20 சதவிகிதமும், ஐந்தாம் ஆண்டில் 15 சதவிகிதமும் குடிமக்கள் செலுத்த வேண்டும்; ஆறாம் ஆண்டு முதல், 2022 தொடக்கத்திலிருந்து, இவ்வரி இல்லை. குடியிருந்த வீடு ஒன்றுக்கு வாழ்நாளில் ஒரு முறை விலக்குக் கோரும் உரிமையும் உண்டு. அதைச் சிறிய லாபத்துக்குச் செலவழித்துவிடாமல், பெரிய லாபம் வரும் விற்பனைக்காக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். நிலவரி, கதவு வரி, தண்ணீர், மின்சாரம், தாமான் பராமரிப்புக் கட்டணம் ஆகிய பாக்கிகளைத் தீர்த்து ரசீதுகளை ஒரே கோப்பில் வைத்திருப்பவரின் வீடு சீக்கிரம் விலைபோகும். கூரை ஒழுகுவதையும் பின்சுவரின் விரிசலையும் சாயத்தால் மூடாமல் சொல்லிவிட்டு விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்வது, பின்னால் வரும் சச்சரவைவிட மலிவானது.

வீட்டு முகவர்களைக் குறித்துச் சற்று உரிமையோடு பேச விரும்புகிறேன். அவர்களில் பலர் தோட்டத்திலிருந்து படித்து மேலே வந்த நம் பிள்ளைகள். 1981 ஆம் ஆண்டின் சட்டப்படி, பதிவு பெற்ற முகவரும், அவருடைய நிறுவனத்தின்கீழ் இரண்டு நாள் பயிற்சி முடித்து ஆர். இ. என். எண்ணோடு அட்டை அணிந்த விற்பனைப் பிரதிநிதியும் தவிர, வேறெவரும் பிறர் வீட்டை விற்றுத் தரகு பெறுவது குற்றம். தண்டனை 300,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ ஆகும். தரகுக்கு உச்ச வரம்பு விலையில் 3 சதவிகிதம். அதை, முகவரை அமர்த்திய விற்பவரே கொடுக்க வேண்டும். வாங்குபவரிடமும் ஒரு கை நீட்டுகிறவர் முறை தெரிந்தவர் அல்லர். அட்டையில் உள்ள எண்ணைக் கைப்பேசியில், முகவர்களைப் பதிவு செய்யும் வாரியத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

இருந்தும் ஏமாற்றம் நடப்பது எப்படியென்றால், உறவும் மொழியும் எச்சரிக்கையைத் தளர்த்திவிடுகின்றன. "அண்ணே, நம்ம ஆளுங்கன்னுதான் உங்களுக்கு மொதல்ல சொல்றேன்; இன்னிக்கே ஐயாயிரம் போட்டுருங்க, நாளைக்கு வேற பார்ட்டி வராங்க" என்று ஒரு தம்பி சொன்னால், மறுப்பதற்கு நாக்கு எழுவதில்லை. "சரி தம்பி, கம்பெனி கணக்கு நம்பர் கொடுங்க, ரசீதும் வேணும்" என்று சொல்லப் பழகுங்கள். பழைய வீட்டுக்குக் கைப்பணம் என்பது வழக்கத்தில் விலையின் 2 அல்லது 3 சதவிகிதம். அது நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்கோ வழக்கறிஞரின் கணக்குக்கோ போகவேண்டுமே தவிர, ஒரு காசுகூட எந்தத் தனிமனிதரின் கணக்குக்கும் போகலாகாது. கடன் கிடைக்காவிட்டால் அப்பணம் திரும்பி வருமா என்பது அந்தச் சீட்டிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாவிட்டால் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முகவரான தம்பிக்கும் நான் சொல்வது இதுதான்: தேடுதல் காகிதத்தை நீரே எடுத்து, எதிரே உட்காரவைத்து, மலாய் வாசகத்தின் அர்த்தத்தைத் தமிழில் வரிவரியாகச் சொல்லிவிட்டுப் பிறகு விலை பேசும். ஒரு தோட்டத்தில் ஒருவருக்கு அப்படிச் செய்தால், அந்தத் தோட்டமே உம்மைத் தேடி வரும்.

பணக்கணக்கிலும் பலர் சறுக்குகிறார்கள். 250,000 வெள்ளி வீட்டுக்கு வங்கி 90 சதவிகிதம் கொடுத்தாலும் 25,000 வெள்ளி கையிலிருந்து போடவேண்டும் என்பது தெரிந்ததே. அதற்கு மேல், மாற்றுப் பத்திரத்தின் முத்திரை வரி முதல் லட்சத்துக்கு 1 சதவிகிதமும் அடுத்த நான்கு லட்சம் வரை 2 சதவிகிதமுமாக 4,000 வெள்ளி. கடன் பத்திரத்துக்கு அரைச் சதவிகிதம், அதாவது 1,125 வெள்ளி. வழக்கறிஞர் கட்டணம் விற்பனை ஒப்பந்தத்துக்கும் கடன் ஒப்பந்தத்துக்கும் தனித்தனியே 1.25 சதவிகிதம் வீதம் ஏறக்குறைய 5,900 வெள்ளி. ஆக, கூடுதலாக ஏறக்குறைய 11,000 வெள்ளி தேவைப்படும். வரியும் சில்லறைச் செலவும் வேறு. முதல் வீடு வாங்குவோருக்கு முத்திரை வரியில் அரசாங்கம் காலத்துக்குக் காலம் சலுகை அளிப்பதால், அப்போது நடைமுறையில் இருப்பது என்ன என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சேமநிதியில் வீட்டுக்காக எடுக்கக்கூடிய பகுதி உண்டென்றாலும், அது ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே வரும். அதை நம்பிக் கைப்பணத்துக்கு வட்டிக்காரனிடம் போகக் கூடாது.

மேம்பாட்டாளர் கட்டும் புது வீட்டுக்கு விதிகள் வேறு. அங்கே ஒப்பந்தத்துக்கு முன் 'புக்கிங்' என்று எந்தப் பெயரிலும் பணம் வாங்குவது வீடமைப்பு விதிகளுக்கு விரோதம். அப்படி வாங்கிய நாளிலிருந்தே தாமதக் கணக்கு ஓடத் தொடங்கும் என்று 2021 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தரை வீட்டை 24 மாதத்துக்குள் ஒப்படைக்காவிட்டால் விலையில் ஆண்டுக்கு 10 சதவிகிதம் கணக்கிட்டு இழப்பீடு கொடுக்க வேண்டும். சாவி வாங்கியபின் 24 மாதம் வரை குறைகளை மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். சாவி கிடைத்த மகிழ்ச்சியில் உடனே மொசைக் மாற்றி, கிரில் போட்டு, சுவரை இடித்துவிட்டால், எந்த விரிசல் யார் செய்தது என்ற தர்க்கம் எழும். முதலில் ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து, குறைகளை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். தீராவிட்டால், 2002 டிசம்பரில் ஏற்பட்ட வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே 50,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால் ஓராண்டுக் கெடு உண்டு, அதைத் தவறவிட்டால் அந்தக் கதவு அடைபட்டுவிடும்.

புக்கிட் பெலண்டோக்கில் வீடோ நிலமோ பார்ப்பவர், கிராண்டுக்கு வெளியேயும் விசாரிக்கவேண்டியவை சில உண்டு. கழிவு நிலையத்துக்கு எத்தனை தூரம், லாரிகள் எந்தச் சாலையில் போகின்றன, பக்கத்து நிலம் எதற்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை, போர்ட் டிக்சன் நகராண்மைக் கழகத்தில் வைக்கப்பட்டுள்ள வட்டாரத் திட்ட வரைபடத்தில் பார்க்கலாம். 1976 ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டம் அதைப் பொதுமக்களுக்கு உரியதாக ஆக்கியிருக்கிறது. சிரம்பான், போர்ட் டிக்சன் இரு மாவட்டங்களையும் அணைத்துச் செல்லும் மலேசிய விஷன் வேலி திட்டத்தைக் காட்டி விலையை ஏற்றுவோர் உண்டு. திட்டம் உண்மையே, ஆனால் சிங்கப்பூருக்குப் போவதாக இருந்த அதிவேக ரயிலும் திட்டமாகத்தான் இருந்தது, அதன் ஒப்பந்தம் ரத்தானதாக 2021 ஜனவரி முதல் தேதி அறிவிக்கப்பட்டது. வரப்போகும் சாலைக்கும் ரயிலுக்கும் இன்றே விலை கொடுக்காமல், இன்று இருக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் விலை கொடுங்கள். அருகில் தமிழ்ப் பள்ளி எங்கே, இரவு வேலை முடிந்து வரும் பெண்பிள்ளைக்கு வழி எப்படி, அடைமழையில் தண்ணீர் எதுவரை ஏறும் என்பவற்றை, மழை பெய்த மறுநாள் அங்கே போய்க் குடியிருப்பவரிடமே கேட்டால் தெரிந்துவிடும்.

ஒப்பந்தம் முடிந்து, வங்கிப் பணம் போய், 14A பாரம் நில அலுவலகத்தில் தாக்கலான பின், காரியம் முடிந்ததென்று பலர் இருந்துவிடுகிறார்கள். வழக்கறிஞரிடம் தாக்கல் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, சில வாரம் கழித்து மறுபடியும் ஒரு தேடுதல் எடுங்கள். பழைய அடமானம் நீங்கியிருக்கிறதா, புது அடமானம் உங்கள் வங்கியின் பெயரில் மட்டும் இருக்கிறதா, உங்கள் பெயர், அடையாள அட்டை எண், கணவன் மனைவி இருவர் பெயரிலும் வாங்கியிருந்தால் அவரவர் பங்கு, எல்லாம் எழுத்துப் பிசகாமல் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். தோட்டத்துப் பிறப்புப் பத்திரத்தில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் பெயர் எழுதப்பட்டவர்கள் நம்மில் அநேகர். அந்தப் பிழை கிராண்டிலும் ஏறிவிட்டால், திருத்துவதற்கு அதே மாதத்தில் மனுக் கொடுப்பது சுலபம். நாளைக்குப் பிள்ளைகள் வாரிசு கேட்டுப் போகும்போது, அதே பிழைக்காக அவர்கள் சத்தியப் பிரமாணமும் சாட்சியும் தேடி அலையவேண்டி வரும்.